விமர்சகர்கள் பார்த்த குடும்பமும் நாங்கள் பார்த்த குடும்பமும்

2025 ஆம் ஆண்டின் கோடையில் வெளியான தமிழ்ப் படங்களைப் பற்றித் தமிழ்நாட்டு விமர்சகர்கள் எழுதியவற்றைக் கைக்குக் கிடைத்த அளவுக்கு வாசித்தேன். இலங்கையின் வடக்கே வன்னியில் இருக்கும் எங்களுக்கு அந்த எழுத்துகள் வெறும் பொழுதுபோக்கு வாசிப்பு அல்ல. மல்லாவிப் பக்கத்திலிருந்து மாங்குளத்துக்கு வந்து, ஏ9 வீதியில் பஸ் மாறி, வவுனியாவுக்குப் போய்ப் படம் பார்த்துத் திரும்புவதென்றால் ஒரு முழு நாள் கழிந்துவிடும். நாட்கூலிக்குப் போகிற ஒருவருக்கு அன்றைய சம்பளமும் போய்விடும். ஆகவே விமர்சகர் ‘பார்க்கலாம்’ என்றோ ‘வேண்டாம்’ என்றோ சொல்வதை நம்பித்தான் பல வீடுகளில் முடிவெடுக்கிறார்கள். அந்த நம்பிக்கையை மதிப்பதால்தான், அவர்களுடைய தீர்ப்பு எங்கெங்கே பிசகியது என்பதை எழுத நினைத்தேன்.

மே 1 ஆம் திகதி வெளியான ‘டூரிஸ்ட் ஃபேமிலி’ பற்றியே எனக்குச் சொல்ல அதிகம் உண்டு. அபிஷன் ஜீவிந்த் இயக்கிய முதற்படம் இது. சசிகுமாரும் சிம்ரனும் கணவன் மனைவியாக நடித்திருக்கிறார்கள். இசை ஷான் ரோல்டன். பொருளாதார நெருக்கடியில் வாழ வழியற்றுப்போன இலங்கைத் தமிழ்க் குடும்பம் ஒன்று படகேறி இராமேஸ்வரத்தில் இறங்குகிறது. கரையில் மறித்த பொலிஸ்காரர் இரக்கப்பட்டு விட்டுவிட, அவர்கள் சென்னையில் ஒரு குடியிருப்பில் வாடகைக்கு வந்து, தாங்கள் கேரளத்தைச் சேர்ந்தவர்கள் என்று அயலவர்களுக்குச் சொல்லி வாழத் தொடங்குகிறார்கள். தமிழ்நாட்டில் பெரும்பாலானோர் படத்தை மனதாரப் பாராட்டினார்கள். நானும் பாராட்டுகிறவன்தான். ஆனால் அவர்கள் பாராட்டிய இடங்களில் சிலவற்றை என்னால் ஏற்க முடியவில்லை. சிலர் குறையென்று ஒதுக்கிய இடங்களில்தான் என் நெஞ்சு நின்றுபோனது.

கேரளம் என்று சொல்லி மறைக்கும் அந்தப் பொய்யைப் பலரும் நகைச்சுவைக்காகக் கட்டிய உத்தியாகவே பார்த்தார்கள். எங்களில் இந்தியாவுக்குப் போய்வந்த எவரும் அதை அப்படிப் பார்க்கமாட்டார்கள். 2014 இல் அம்மாவின் கண் வைத்தியத்துக்காகத் திருச்சியில் இரண்டு கிழமை தங்கியிருந்தோம். விடுதிக்குப் பக்கத்துக் கடையில் அம்மா ‘ஒரு சவர்க்காரம் தாங்கோ’ என்று கேட்டார். கடைக்காரருக்கு விளங்கவில்லை. அம்மா கைகளை உரசிக் காட்டிய பிறகு, அவர் சோப்புக் கட்டியை எடுத்து வைத்துவிட்டு, ‘நீங்க கேரளாவா?’ என்று அன்போடு கேட்டார். அம்மா என் முகத்தை ஒருதரம் பார்த்தார். பிறகு ‘ஓம்’ என்றார். இலங்கை என்று சொன்னால் எந்த ஊர், எப்போது வந்தீர்கள், யார் யார் இறந்தார்கள் என்று அடுத்தடுத்த கேள்விகள் வரும். அவற்றுக்கெல்லாம் ஒரு சோப்புக் கட்டிக்காகப் பதில் சொல்லும் பலம் அன்று அவரிடம் இருக்கவில்லை. அந்த ‘ஓம்’ என்ற சொல்லே தன் ஊரைக் காட்டிக்கொடுக்கும் என்பதும் அவருக்குத் தோன்றவில்லை. திரையில் அந்தக் குடும்பம் வாயைத் திறக்க அஞ்சி நிற்கும்போது வவுனியா அரங்கில் சிரிப்பு எழுந்தது உண்மை. ஆனால் அது தெரிந்தவர்களின் சிரிப்பு. எங்கள் வரிசையில் சிரித்தவர்களில் இரண்டு பேர் உடனேயே கண்ணைத் துடைத்தார்கள்.

இனி அந்தப் பேச்சு. ‘இலங்கைத் தமிழை அப்படியே கொண்டுவந்துவிட்டார்கள்’ என்ற பாராட்டைப் பல இடங்களில் கண்டேன். இதைத்தான் நான் மிகக் கடுமையாக மறுக்கிறேன். முயற்சி நேர்மையானது, கேலி இல்லாதது. இந்தியத் தமிழ்ப் படங்களில் எங்கள் பேச்சைக் கேட்டு நெளிந்த பழைய அனுபவங்களோடு ஒப்பிட்டால் இது பெரிய முன்னேற்றம். ஆயினும் ‘ஓம்’, ‘கதைக்கிறது’, ‘வடிவு’ என்று சொற்களை இட்டு நிரப்பினால் மட்டும் எங்கள் தமிழ் வந்துவிடாது. இது, அது என்பவற்றுக்கு நடுவில் நாங்கள் ‘உது’ என்று ஒன்றை வைத்திருக்கிறோம். கேட்பவருக்கு அருகில் இருப்பதை அப்படிச் சொல்வோம். ‘உங்கை ஏன் நிக்கிறீர்?’ என்று ஒருவர் கேட்டால், நிற்பவரின் இடமும் அவருக்குத் தரும் மரியாதையின் அளவும் அந்தச் சிறு வசனத்துக்குள்ளேயே இருக்கின்றன. அகர இகரங்களோடு உகரமும் சுட்டு என்று தமிழ் இலக்கணம் சொன்னது தமிழ்நாட்டுப் பேச்சில் வழக்கொழிந்து போயிற்று. எங்கள் வாயில் இன்னும் இருக்கிறது. கணவன் மனைவியை ‘நீர்’ என்று அழைப்பதிலும், ‘வாங்கோ’, ‘இருங்கோ’ என்று முடிவை நீட்டுவதிலும் உள்ள அளவு, கேட்டுக் கேட்டுப் பழகியவருக்கே பிடிபடும். சிம்ரன் பல காட்சிகளில் அந்த அளவை நெருங்குகிறார். உணர்ச்சி கூடும் இடங்களில் சசிகுமாரின் பேச்சில் மதுரை எட்டிப்பார்க்கிறது. நடிகர்கள்மேல் எனக்குக் குறை இல்லை. யாழ்ப்பாணத்துப் பேச்சையும் மன்னார்ப் பேச்சையும் எங்கள் வன்னிப் பேச்சையும் வேறுபடுத்திக் கேட்டிராத ஒருவர், உச்சரிப்புக்கு முழு மதிப்பெண் வழங்குவதுதான் எனக்கு உறுத்துகிறது. அதைப் பற்றித் தீர்ப்பு எழுதுமுன் எங்களில் ஒருவரிடமாவது கேட்டிருக்கலாம்.

படத்தில் வருகிறவர்கள் எல்லாரும் நல்லவர்களாக இருக்கிறார்கள், வாழ்க்கை அப்படி இல்லை என்பது படத்தைக் குறை சொன்னவர்களின் முதல் வாதம். குடியிருப்பில் ஒரு வயோதிப மாது இறந்துபோக, ஒருவரையொருவர் அறியாமல் கதவடைத்து வாழ்ந்த அயலவர்களை, சசிகுமாரின் பாத்திரமான தர்மதாஸ் ஒன்றுகூட்டும் காட்சியைச் சிலர் கண்ணீருக்காக வைத்தது என்றார்கள். அந்தக் காட்சியில் நான் என் வீட்டு முற்றத்தைப் பார்த்தேன்.

1995 ஐப்பசியில் யாழ்ப்பாணத்து வலிகாமம் போரால் இடம்பெயர்ந்தது; அடுத்த ஆண்டு கிளாலிக் கடல்நீரேரியைக் கடந்து சனம் வன்னிக்கு வந்துகொண்டேயிருந்தது. எங்கள் வளவில் நான்கு குடும்பங்கள் இருந்தன. அவர்களில் ஒரு குடும்பம் எங்களுக்கு உறவும் இல்லை, ஊரும் இல்லை. மழையில் வீதியோரம் நின்றவர்களை அப்பா கூட்டிவந்தார். அவர்களோடு வந்த கிழவி மூன்றாம் மாதம் மலேரியாக் காய்ச்சலில் இறந்துபோனார். அவருடைய பெயரைக்கூட எங்கள் ஊரில் பத்துப் பேர் அறிந்திருக்க மாட்டார்கள். ஆனால் விடிவதற்குள் பந்தல் போட்டாயிற்று. யாரோ பச்சைத் தென்னோலை வெட்டி வந்தார்கள். யாரோ பறைமேளத்துக்குச் சொன்னார்கள். பாடை போகும் வழியில் விரிக்கிற நிலபாவாடைக்கு வெள்ளைத்துணி கிடைக்காதபோது அம்மா தன் கூறைப்பெட்டியில் மடித்து வைத்திருந்த வெள்ளை வேட்டியைக் கொண்டுவந்து கொடுத்தார். எட்டுச் செலவு, அந்தியேட்டி என்ற இறந்தவர் சடங்குகளும் எங்கள் முற்றத்தில்தான் நடந்தன. அதே வளவில் கிணற்று முறைக்காகச் சண்டைகளும் வந்தன, மறைக்கவில்லை. வாளியை ஒளித்து வைத்தவர்களும் உண்டு. ஆனாலும் செத்தவீட்டுக்கு எல்லாரும் வந்தார்கள். 2009 தையில் நாங்கள் இடம்பெயர்ந்து விசுவமடுவில் நின்றபோது, முன்பின் தெரியாத ஒருவர் தன் வளவில் பதுங்குகுழி வெட்ட எங்களுக்கு இடம் விட்டார். மனிதர்கள் இவ்வளவு நல்லவர்களாக இருக்கமாட்டார்கள் என்று எழுதுகிறவர் மீது எனக்குக் கோபம் இல்லை. அதைச் சோதித்துப் பார்க்கும் நிலைமை அவருக்கு வாய்த்ததில்லை.

படத்தின் உண்மையான குறையோ பாராட்டியவர்களின் கண்ணிலும் அதிகம் படவில்லை, குறை சொன்னவர்களின் கண்ணிலும் படவில்லை. கடலைப் படம் மிகச் சுலபமாகக் கடந்துவிடுகிறது. நெருக்கடி முற்றிய 2022 மார்ச் 22 ஆம் திகதி இங்கிருந்து போய்ச் சேர்ந்த 16 பேரில் குழந்தைகள் உட்பட ஆறு பேரைத் தனுஷ்கோடியின் அரிச்சல்முனைக்கு அப்பால் ஒரு மணல்திட்டில் இறக்கிவிட்டுப் படகு திரும்பிவிட்டது; இந்தியக் கரையோரக் காவற்படைதான் அவர்களை மீட்டது. அப்படிப் போனவர்கள் சென்னைக்கு வாடகை வீடு தேடிப் போகவில்லை. இராமேஸ்வரத்துக்கு அருகிலுள்ள மண்டபம் அகதிகள் முகாமில் தங்கவைக்கப்பட்டார்கள். 2021 இல் தமிழ்நாட்டு அரசு அகதிகள் முகாம் என்ற பெயரை இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம் என்று மாற்றியது. ஆனால் பதிவேட்டில் பெயர் இருந்தால்தான் உதவித்தொகை என்பது மாறவில்லை. பதிவு என்ற ஒரு சொல்லைச் சுற்றித்தான் அங்கே போனவர்களின் வாழ்க்கை முழுவதும் சுழல்கிறது. படமோ கள்ள அடையாள அட்டையோடு அந்த விடயத்தை முடித்துக்கொள்கிறது. தலைப்பில் உள்ள சுற்றுலா என்ற சொல்லை இயக்குநர் பரிவோடுதான் வைத்தார் என்று நம்புகிறேன். ஆனாலும் முகாமை ஒரு காட்சியிலாவது எட்டிப் பார்த்திருந்தால் அந்தச் சொல்லுக்கு வேறு கனம் வந்திருக்கும்.

மற்றப் படங்களைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லலாம். அதே நாளில் வந்த ‘ரெட்ரோ’ ஒரு படத்துக்குள் பல படங்களை அடக்கப் பார்க்கிறது என்ற குறை நியாயமானதே. ஆனால் கலியாண வீட்டுப் பாட்டும் சண்டையும் வெட்டில்லாமல் ஒரே நீட்டில் ஓடும் அந்தப் பகுதிக்காக அதைப் பெரிய திரையில் பார்த்தே ஆகவேண்டும் என்பேன். மே 16 இல் வந்த ‘மாமன்’ தொலைக்காட்சித் தொடர்போல இருக்கிறது என்று தள்ளியவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. தாய்மாமன் என்ற உறவின் உரிமையும் அதன் பாரமும் எங்கள் வீடுகளில் இன்றும் கலியாணங்களை நிறுத்துகிற அளவுக்குப் பலமாக இருக்கின்றன. சூரி அதை மிகைப்படுத்தவில்லை. வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கல் முடிந்த கையோடு ‘தக் லைஃப்’ பார்த்தேன். ‘நாயகன்’ வந்து 38 ஆண்டுகளுக்குப் பிறகு மணிரத்னமும் கமல்ஹாசனும் சேர்ந்த படம். அதைப் பற்றி விமர்சகர்கள் குறையாக எழுதியது சரி. அதற்கு மேல் நான் சேர்க்க ஒன்றுமில்லை.

‘டூரிஸ்ட் ஃபேமிலி’யை அம்மாவோடு பார்த்தது மே மாதத்தின் இரண்டாவது கிழமை. திரும்பும் வழியில் மாங்குளத்தில் பஸ்ஸுக்கு நின்றபோது, 2009 இறுதிப் போரில் இறந்தவர்களின் நினைவாக வார்க்கும் முள்ளிவாய்க்கால் கஞ்சியைச் சந்தியில் வார்த்துக்கொண்டிருந்தார்கள். அம்மா சிரட்டையை இரண்டு கைகளாலும் ஏந்தி வாங்கி, நின்றபடியே குடித்துவிட்டு, வெகுநேரம் ஒன்றும் கதைக்கவில்லை. படம் பிடித்ததா என்று கேட்டேன். பிடித்தது என்று தலையாட்டினார். பஸ் துணுக்காய் வீதியில் திரும்பிய பிறகுதான் என் பக்கம் சரிந்து மெதுவாகக் கேட்டார்:

‘அதுகள் பிறகு எங்கையாவது பதிஞ்சதுகளோ, தம்பி?’