பாவித்த மின்சார ஸ்போர்ட்ஸ் கார் வாங்க இருப்பவர்களுக்கு: 41,500 பவுண்களை நான் இழந்த விதம்

இலண்டனில் தனியார் ஒருவரிடமிருந்து பாவித்த மின்சார ஸ்போர்ட்ஸ் கார் வாங்க எண்ணியிருப்பவர்கள், முற்பணம் கொடுப்பதற்கு முன் தயவுசெய்து இதை வாசியுங்கள். 23 நாட்களுக்கு முன் நான் 41,500 பவுண்களை வங்கி வழியாக அனுப்பி, 2020ஆம் ஆண்டு பதிவான போர்ஷே டைகான் 4எஸ் ஒன்றை வாங்கினேன். அது ஒன்பது நாட்கள் ஓடியது. பத்தாவது நாள் காலை, வேலைக்குப் போகும் வழியில் நோர்த் சேர்க்குலர் வீதியில், வண்டியைப் பாதுகாப்பாக நிறுத்தும்படி திரையில் சிவப்பு எச்சரிக்கை வந்தது. நிறுத்திய கார் மறுபடி உயிர் பெறவில்லை. பாரவண்டியில் ஏற்றி அனுப்பினேன்.

புதிதாக 80,000 பவுண்களுக்கு மேல் விற்ற கார் இது. ஐந்தாறு வருடங்களில் விலை பாதியாகிவிட்டதால், என்னைப் போன்ற சாதாரணச் சம்பளக்காரரும் இதைக் கனவு காணலாம் என்றாகியிருக்கிறது. ஏழு வருடச் சேமிப்பு அது. அந்தக் கனவை வைத்துத்தான் ஏமாற்றுகிறார்கள்.

பாவித்த வாகனங்களை விற்கும் ஓர் இணையத்தளத்தில், 'தனியார் விற்பனை' என்ற குறிப்புடன் விளம்பரம் இருந்தது. தொலைபேசியில் பெயரைச் சொன்னதும் அவர் தமிழில் பேசத் தொடங்கினார். கிழக்கு இலண்டனில் இருந்த வீட்டுக்குப் போனபோது தேநீர் தந்தார். எந்த ஊர், எந்தப் பள்ளிக்கூடம் என்று கேட்டார். என் மாமாவைத் தனக்குத் தெரியும் என்றார். காரின் திரையில் மின்னேற்றம் நூறு விழுக்காடு என்றும், 251 மைல் ஓடும் என்றும் இருந்தது. பற்றரியைப் பரிசோதிக்க ஒரு நிபுணரை அழைத்து வரலாமா என்று கேட்டேன். அவர் சொன்ன பதில் இன்றும் காதில் நிற்கிறது.

"தம்பி, பற்றரிக்கு 2028 வரைக்கும் கொம்பனி உத்தரவாதம் கிடக்கு. பிறகு என்னத்துக்கு நீர் காசு குடுத்துச் செக் பண்ணுறீர்? எங்கட ஆக்களுக்குள்ள நான் பொய் சொல்லுவனே?"

அந்த ஒரு பதிலில்தான் நான் விழுந்தேன். அவர் சொன்னதில் பொய்யான சொல் ஒன்றுமில்லை என்பதுதான் கொடுமை. இந்தக் காரின் பற்றரிக்கு எட்டு வருடம் அல்லது ஒரு இலட்சம் மைல் வரை உத்தரவாதம் உண்டு. கொள்ளளவு 70 விழுக்காட்டுக்குக் கீழே இறங்கினால் கவனிப்பார்கள். ஆனால் அது பற்றரி தானாகத் தேய்வதற்கும் தயாரிப்புக் குறைகளுக்கும் உரியதே தவிர, யாரோ வெளியிலிருந்து இடித்து உடைத்ததற்கு உரியதல்ல.

என்னுடைய காரில் நடந்திருப்பது அதுதான். பணிமனையில் காரை உயர்த்தி, அதன் அடிப்பக்கத்தை மூடியிருக்கும் அடித்தகட்டைக் கழற்றியபோது, பற்றரிப் பெட்டியின் ஓரம் உள்ளே நெளிந்திருந்தது. நெளிவின் மேல் பசை பூசி மூடியிருந்தார்கள். அடித்தகடும் அந்தக் காருக்கு உரியதல்ல. பற்றரியைக் குளிர்விக்கும் திரவம் கசிந்து உள்ளே இறங்கியிருந்தது. 93.4 கிலோவாட் மணி கொள்ளளவும் 33 மின்கலத் தொகுதிகளும் கொண்ட அந்தப் பற்றரி, காரின் தரை முழுவதும் படுத்திருக்கிறது. இரண்டு தொன்னுக்கு மேல் எடையுள்ள தாழ்வான கார், வீதித் திட்டு ஒன்றில் வேகமாக ஏறி இறங்கினாலும், விவரம் தெரியாத ஒருவர் தவறான இடத்தில் ஜாக்கி வைத்துத் தூக்கினாலும், அடி வாங்குவது பற்றரிதான். பழுதுபார்க்கும் செலவு, நான் கொடுத்த விலையில் பாதிக்கு மேல். உத்தரவாதத்தில் ஒரு சதம்கூடக் கிடையாது.

திரையில் கண்ட 251 மைலைப் பற்றியும் சொல்ல வேண்டும். அது பற்றரியின் ஆரோக்கியத்தைக் காட்டும் எண் அல்ல. அண்மையில் கார் எப்படி ஓட்டப்பட்டது என்பதை வைத்துக் காரே போடும் ஒரு கணக்கு. மெதுவாக ஓட்டிவிட்டு மின்னேற்றி வைத்தால் எண் அழகாகத் தெரியும். பற்றரியின் உண்மையான நிலையை அறிய, பணிமனையில் கருவியை இணைத்து ஒவ்வொரு தொகுதியையும் வாசிக்க வேண்டும்.

நான் கோட்டை விட்ட தடயம் ஒன்று உண்டு, அதை நினைத்தால் நெஞ்சு எரிகிறது. டைகான் கார்களின் முன் பிரேக் குழாய்களுக்காக 2024இல் உலகம் முழுவதும் திரும்ப அழைப்பு, அதாவது காரைக் கொண்டு வந்து திருத்திக்கொள்ளும்படி கொம்பனியின் அறிவிப்பு, விடுக்கப்பட்டது. பற்றரியில் குறுக்குச்சுற்று (ஷோர்ட் சேர்க்கிட்) ஏற்படலாம் என்று வேறு அழைப்புகளும் வந்தன. திருத்தம் செய்யப்படும் வரை 80 விழுக்காட்டுக்கு மேல் மின்னேற்ற வேண்டாம் என்று சில உரிமையாளர்களுக்கு அறிவுறுத்தப்பட்டது. இந்தத் திருத்தங்கள் அனைத்தும் இலவசம். இருந்தும் இந்தக் காருக்குப் பிரேக் குழாய்த் திருத்தம் செய்யப்படவே இல்லை. இலவச வேலைக்கும் அதிகாரபூர்வப் பணிமனைக்குப் போகாத காருக்கு, அங்கே போகக் கூடாத காரணம் ஒன்று இருந்திருக்கிறது. வாகன இலக்கத்தைப் போட்டு அரசாங்க இணையத்தளத்தில் நானே இரண்டு நிமிடத்தில் பார்த்திருக்கலாம். எம்ஓடி எனப்படும் வருடாந்த வாகனப் பாதுகாப்புப் பரிசோதனை அறிக்கையிலும், அடித்தகடுகள் மறைப்பதால் சில பாகங்களைப் பார்க்க முடியவில்லை என்ற குறிப்பு இருந்தது. சாதாரணக் குறிப்பு என்று கடந்துவிட்டேன். எம்ஓடியில் பற்றரியின் கொள்ளளவைப் பரிசோதிப்பதில்லை என்பதும் எனக்கு அப்போது தெரியாது.

பணிமனையில் இதைக் கண்ட அன்று மாலையே விற்றவரை அழைத்தேன். முதல் நாள், "பாப்பம் தம்பி" என்றார். இரண்டாம் நாள் எடுக்கவில்லை. நான்காம் நாள் வட்ஸ்அப்பில், "நான் தந்தது ஓடின கார். நீங்கள் கொண்டு போய் எங்கை இடிச்சீங்களோ எனக்குத் தெரியாது" என்று எழுதினார். தேநீர் தரும்போது 'நீர்' என்று உரிமையோடு அழைத்தவர், 41,500 பவுண்கள் கைக்குப் போனதும் 'நீங்கள்' என்று தள்ளி நின்றார். அடுத்த நாள் என் இலக்கத்தைத் தடுத்துவிட்டார்.

இணையத்தளத்துக்கு எழுதினேன். தாங்கள் விளம்பர இடம் மட்டுமே என்று ஒரே பதிலை மூன்று முறை அனுப்பினார்கள். வங்கியை அழைத்து நாற்பது நிமிடம் காத்திருந்தேன். பொருள் கைக்கு வந்துவிட்டதால் இது மோசடி அல்ல, இரு தனியாருக்கு இடையிலான பிணக்கு என்றார்கள். மோசடிக்கு உள்ளானவர்களுக்குப் பணத்தை மீளளிக்கும் விதி, இத்தகைய பிணக்குகளுக்குப் பொருந்தாதாம். கடன் அட்டையில் ஒரு பகுதியைக் கட்டியிருந்தால் உதவுமா என்று கேட்டேன். அந்தப் பாதுகாப்பும் 30,000 பவுண்களுக்கு மேற்பட்ட விலையுள்ள பொருளுக்கு இல்லை. கார் வணிகரிடம் வாங்கியிருந்தால் 30 நாட்களுக்குள் குறையுள்ள காரைத் திருப்பிக் கொடுக்கும் உரிமை இருந்திருக்கும். தனியாரிடம் வாங்கியவருக்கு அது கிடையாது.

ஆனால் அவர் தனியார்தானா? வாகனப் பதிவுப் புத்தகத்தில் வேறு ஒருவரின் பெயர் இருந்தது. மைத்துனர் என்றார், நம்பினேன். நேற்று இரவு அதே தொலைபேசி இலக்கத்தைத் தேடியபோது, வேறு இரண்டு கார்களின் விளம்பரங்கள், படங்களில் அதே வீட்டு வாசல், அதே சிவப்புக் கற்கள், இரண்டிலும் 'தனியார் விற்பனை'. வணிகர் ஒருவர் தனியார் போல் நடித்து விற்பது இந்த நாட்டில் குற்றம். எல்லாவற்றையும் படம் பிடித்து, சிற்றிஸன்ஸ் அட்வைஸ் என்ற இலவச ஆலோசனை அமைப்பின் வழியாக வணிகத் தர அதிகாரிகளுக்கு முறைப்பாடு கொடுத்திருக்கிறேன். அந்த இரண்டில் ஒன்றும் மின்சாரக் கார் என்பதால்தான், வழக்கு முடியும்வரை காத்திராமல் இதை இன்றே எழுதுகிறேன்.

விரிவான பட்டியல் ஒன்று தர நினைத்திருந்தேன், இப்போது அதற்கு மனம் ஒத்துழைக்கவில்லை. காரை உயர்த்தி, அடித்தகட்டைக் கழற்றிப் பார்க்காமல் பணம் கொடுக்காதீர்கள். பற்றரி அறிக்கையை நீங்கள் தெரிவு செய்த பணிமனையில் எடுங்கள். விற்பவர் காட்டும் படத்தை ஏற்காதீர்கள். திரும்ப அழைப்புகள் முடிந்திருக்கின்றனவா என்று பாருங்கள். முடியவில்லை என்றால், விற்பவரே அதிகாரபூர்வப் பணிமனைக்குக் கொண்டு போய்ச் செய்துவிட்டு வரட்டும். மறுத்தால் அந்த இடத்திலேயே திரும்பிவிடுங்கள். வேகமின்னேற்றியில் ஒரு தடவை ஏற்றிப் பாருங்கள். பதிவுப் புத்தகத்தில் உள்ள பெயருக்குரியவர் முன்னால் வந்து நிற்காவிட்டால் பேச்சை நிறுத்துங்கள். இன்று பிற்பகல் சட்டத்தரணியைச் சந்திக்கப் போகிறேன். அவர் சொல்வதை இதன் கீழே சேர்ப்பேன்.