பழைய காருக்கு சஸ்பென்ஷன் சாமான்: கம்பெனி பெட்டியா, ஜே.சி. ரோடு பிராண்டா, குஜரியா?

15 வயதை நெருங்கும் ஸ்விஃப்ட், வேகன் ஆர், சான்ட்ரோ மாதிரி ஒரு காரை பெங்களூரில் வைத்து ஓட்டுகிறவர்களுக்கு என்றாவது ஒரு நாள் முன்பக்கத்திலிருந்து அந்த ‘டக் டக்’ சத்தம் கேட்கத்தான் போகிறது. சர்வீஸ் சென்டருக்குப் போனால் ஸ்ட்ரட் (ஸ்பிரிங்கோடு சேர்ந்து நிற்கும் முன் ஷாக்) இரண்டு, மவுண்ட் (ஸ்ட்ரட்டின் தலையை பாடியோடு பிடிக்கும் தாங்கி) இரண்டு, லோயர் ஆர்ம் (சக்கரத்தைக் கீழிருந்து பிடிக்கும் இரும்புக் கை) இரண்டு, லிங்க் ராடு, பின் ஷாக் என்று மொத்தமாக ஒரு எஸ்டிமேட் நீட்டுவார்கள். காரை விற்றால் வரும் பணத்தில் கணிசமான பங்கு அதற்கே சரியாகிவிடும். தெரிந்த மெக்கானிக்கிடம் போனால், ‘லோக்கல் போட்டு பாதிக்கும் கம்மியா முடிச்சிடலாம் சார்’ என்பார். ஆர்.சி. 15 வருடம் முடிந்து இன்னொரு 5 வருடத்துக்குப் புதுப்பிக்கலாம் என்று நினைக்கிறவருக்கு இரண்டுமே சரிப்படாது.

காருக்கு மொத்தமாக ஒரே வகையை முடிவு செய்யவே கூடாது என்பது என் உறுதியான கருத்து. பாகம் பாகமாகப் பிரித்துத்தான் பார்க்க வேண்டும். உடைந்தால் உயிருக்கு ஆபத்தா, சத்தம் மட்டும்தானா, மாற்றக் கூலி எவ்வளவு என்ற மூன்று கேள்விகளுக்கும் ஒவ்வொரு பாகத்துக்கும் வேறு வேறு பதில் வரும். அந்தப் பதிலை வைத்துத்தான் எங்கே செலவழிப்பது, எங்கே மிச்சம் பிடிப்பது என்று சொல்ல முடியும்.

அதற்கும் முன்னால், சத்தம் எங்கிருந்து வருகிறது என்று பார்த்துவிடுங்கள். மெதுவாகப் போகும்போது சின்னச் சின்னப் பள்ளங்களில் ‘டக டக’ என்று தட்டினால் பெரும்பாலும் ஸ்டெபிலைசர் லிங்க் ராடு, அதாவது வளைவில் வண்டி சாயாமல் பிடிக்கும் கம்பியின் இணைப்பு. அதைச் சோதிக்க எளிய வழி உண்டு: இரண்டு பக்க லிங்க் ராடையும் கழற்றி வைத்துவிட்டு, தெருவை ஒரு முறை மெதுவாகச் சுற்றி வருவது. சத்தம் நின்றுவிட்டால் சில நூறு ரூபாயில் வேலை முடிந்தது. பிரேக் மிதிக்கும்போது ஒரே ஒரு ‘டொக்’ வந்தால் லோயர் ஆர்மை பாடியோடு இணைக்கும் ரப்பர் புஷ்ஷைப் பாருங்கள். நின்ற இடத்தில் ஸ்டியரிங்கைத் திருப்பும்போது ஸ்பிரிங் ‘டங்’ என்று துள்ளினால் ஸ்ட்ரட் மவுண்டில் இருக்கும் பேரிங். ஹம்ப் தாண்டிய பிறகும் வண்டி இரண்டு மூன்று முறை ஆடினால்தான் ஷாக் போயிருக்கிறது என்று அர்த்தம். இதையெல்லாம் பார்க்காமலேயே ‘முன்பக்கம் செட்டா மாத்திடலாம்’ என்று சொல்லும் இடத்தில் சாவியைக் கொடுக்க வேண்டாம்.

இனி கடைத்தெரு. டவுன் ஹால் பக்கமிருந்து மினர்வா சர்க்கிள் நோக்கி ஜே.சி. ரோட்டில் நடந்தால் வரிசையாக உதிரிபாகக் கடைகள். கன்னடம், தமிழ், உருது, இந்தி எதில் கேட்டாலும் ஏதாவது ஒரு கவுண்டரில் பதில் கிடைக்கும். மாடல், வருடம், பெட்ரோலா டீசலா என்று சொன்னதும் அங்கிருப்பவர் திருப்பிக் கேட்பது இதுதான்: ‘கம்பெனி வேணுமா சார், ஓ.இ. வேணுமா, லோக்கல் போதுமா?’

கம்பெனி என்றால் மாருதி ஜெனுவின் பார்ட்ஸ், ஹூண்டாய்க்கு மோபிஸ் என்று கார் கம்பெனியின் பெயரோடு வரும் பெட்டி. உள்ளே இருக்கும் ஷாக்கையோ, பால் ஜாயிண்டையோ (ஆர்மின் முனையில் இருக்கும் உருண்டை மூட்டு) பெரும்பாலும் கார் கம்பெனி தயாரிப்பதில்லை. சப்ளையர் செய்து கொடுப்பதை, தான் வகுத்த அளவுப்படி வாங்கித் தன் பெட்டியில் போடுகிறது. ஓ.இ. என்று கவுண்டரில் சொல்வது, கார் கம்பெனிகளுக்கு சப்ளை செய்யும் நிறுவனங்கள் தங்கள் சொந்தப் பெயரில் விற்கும் சாமான். ஷாக்கில் 1961-லிருந்து இருக்கும் கேப்ரியல், டென்னகோவின் மன்ரோ, ஜப்பானின் கே.ஒய்.பி.; பால் ஜாயிண்ட், டை ராடு எண்ட் (ஸ்டியரிங்கைச் சக்கரத்தோடு இணைக்கும் மூட்டு) என்றால் நம் சென்னை ரானே, இசட்.எஃப். குழுமத்தின் டி.ஆர்.டபிள்யூ.; பேரிங்குக்கு எஸ்.கே.எஃப். லோக்கல் என்பது பெயரே இல்லாத வெள்ளைப் பெட்டி, அல்லது தெரிந்த பெயரைப் போலவே ஒலிக்கும் இன்னொரு பெயர்.

இதற்கு வெளியே இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, சிவாஜிநகர் பக்கம் இருக்கும் குஜரிக் கடைகள். பிரித்துப் போட்ட கார்களின் பழைய சாமான் கிடைக்கும். இன்னொன்று, போன ஷாக்கையே பிரித்து சீலும் ஆயிலும் மாற்றித் தரும் ரீகண்டிஷன்.

ரீகண்டிஷனை முதலில் ஒதுக்கிவிடுகிறேன். ஷாக்கின் உள்ளே பிஸ்டன் ஆயிலைச் சின்ன வால்வுகள் வழியாகத் தள்ளுகிறது. அந்த எதிர்ப்புதான் ஸ்பிரிங்கின் துள்ளலை அடக்குகிறது. பல வருடம் ஓடிய ஷாக்கில் சீல் மட்டுமா தேய்ந்திருக்கும்? வால்வு, பிஸ்டன், ராடின் மேல் இருக்கும் குரோம் பூச்சு எல்லாமே தேய்ந்திருக்கும். கேஸ் ஷாக் என்றால் உள்ளே அழுத்தத்தில் நைட்ரஜன் இருக்கும். சாதாரணப் பட்டறையில் அதைச் சரியான அழுத்தத்தில் திரும்ப நிரப்புவது நடக்கிற காரியம் இல்லை. கெட்டியான ஆயிலை ஊற்றி அனுப்பினால் இரண்டு வாரம் ‘டைட்’டாகத் தெரியும், அவ்வளவுதான். புதுசு எங்குமே கிடைக்காத அபூர்வ மாடலுக்கு மட்டும் இதை யோசிக்கலாம்.

ஷாக்கைப் பொறுத்தவரை நான் கம்பெனி பெட்டிக்குப் போக மாட்டேன். நல்ல சப்ளையர் பிராண்டே போதும். நம்மூர் சாதாரணக் கார்களுக்கு இவை ஏராளமாகத் தயாராகின்றன, கிடைப்பதும் சுலபம், விலை வித்தியாசமும் கையில் தெரியும். அதே சப்ளையரின் சொந்தப் பெட்டியில் வருவது கம்பெனி பெட்டியில் இருப்பதற்கு அச்சு அசல் இரட்டை என்று நினைக்க வேண்டாம். வால்வின் இறுக்கம் கொஞ்சம் மாறியிருக்கலாம், சவாரி சற்றுக் கடினமாகத் தெரியலாம். 12 வருடக் காருக்கு அது ஒரு குறையே இல்லை. கேஸ் ஷாக் வாங்கினால், கட்டியிருக்கும் பட்டையை அவிழ்த்ததும் ராடு தானாக மெல்ல வெளியே வர வேண்டும். அசையாமல் கிடந்தால் கவுண்டரிலேயே திருப்பிக் கொடுத்துவிடுங்கள். ஒரே அச்சில் இரண்டு பக்கமும் சேர்த்தே மாற்ற வேண்டும். ஒரு பக்கம் புதுசு, மறுபக்கம் பழசு என்றால் பிரேக் பிடிக்கும்போது வண்டி இரண்டு பக்கமும் ஒரே மாதிரி நடந்துகொள்ளாது. ஒன்று மட்டும்: பழைய ஷாக்கின் சீல் பக்கத்தில் ஆயில் லேசாக ஈரம் பூத்தாற்போல் இருந்தாலே ‘லீக்’ என்று பயமுறுத்துவார்கள். அந்த மெல்லிய படலம் இயல்பானது. ஆயில் வழிந்து, தூசி சேறு மாதிரி ஒட்டியிருந்தால்தான் அது லீக்.

இதில் லோக்கல் ஷாக் வாங்கினால் என்ன ஆகும்? சவாரி கெடும், டயர் தரையை விட்டுத் துள்ளும், மேடுபள்ளச் சாலையில் பிரேக் தூரம் கூடும். குடும்பத்தோடு போகிற வண்டியில் அதை நான் போட மாட்டேன்.

லோயர் ஆர்ம்தான் மிக முக்கியமான இடம். பலர் தவறான பக்கம் சாய்வதும் இங்கேதான். சக்கரத்தை அதன் இடத்தில் பிடித்து வைப்பது இந்தக் கையும் அதன் முனையில் இருக்கும் பால் ஜாயிண்டும்தான். ஷாக் போனால் வண்டி ஆடும். பால் ஜாயிண்ட் கழன்றால் சக்கரமே மடங்கிவிடும். அவுட்டர் ரிங் ரோட்டில் 70-ல் போகும்போது அது நடப்பதை நினைத்துப் பாருங்கள். எனவே இதற்கு கம்பெனி பெட்டி, இல்லாவிட்டால் ரானே, டி.ஆர்.டபிள்யூ. மாதிரி சப்ளையர் பெயர். வெள்ளைப் பெட்டி வேண்டவே வேண்டாம்.

கவுண்டரில் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைக்கச் சொல்லுங்கள். வித்தியாசம் கண்ணுக்கே தெரியும். நல்ல ஆர்மில் வெல்டிங் தையல் ஒரே அகலத்தில், இடைவெளி இல்லாமல் ஓடியிருக்கும். மலிவானதில் அங்கங்கே குமிழ் கட்டி, நடுவில் விட்டுப்போயிருக்கும். புஷ்ஷின் ரப்பரை விரல் நகத்தால் அழுத்தினால் நல்லது லேசாக அமுங்கி உடனே மீளும். மலிவானது பிளாஸ்டிக் மாதிரி விறைப்பாக இருக்கும், அல்லது நகத்தின் தடம் அப்படியே நிற்கும். ரப்பர் ஓரங்களில் அச்சில் கசிந்த பிசிறு தொங்கினாலும் நம்ப வேண்டாம். பால் ஜாயிண்ட் ஊசியைக் கையால் அசைத்தால் கொஞ்சம் பலம் கொடுத்துத்தான் நகர வேண்டும், அதுவும் எல்லாப் பக்கமும் ஒரே சீராக. தளதளவென்று ஆடினால் புதுசிலேயே தேய்ந்த மாதிரிதான். மேலே இருக்கும் ரப்பர் பூட் கிழியாமல், உள்ளே கிரீஸோடு இருக்க வேண்டும்.

‘ஆர்ம் நல்லாத்தான் இருக்கு சார், புஷ் மட்டும் அடிச்சுப் போட்டுடலாம்’ என்று மெக்கானிக் சொன்னால் அதைத் தட்டிக்கழிக்க வேண்டாம். பால் ஜாயிண்டில் ஆட்டம் இல்லை, ஆர்ம் வளையவில்லை, துரு இல்லை என்றால் அது நியாயமான சிக்கனம். புஷ்ஷை மட்டும் கம்பெனி பெட்டியில் வாங்குங்கள். சுத்தியலால் அடித்து ஏற்றாமல் பிரஸ்ஸில் வைத்து ஏற்ற வேண்டும் என்பது மட்டும் நிபந்தனை. ரப்பர் விஷயத்தில் நான் கறாராக இருப்பதற்குக் காரணம் கூலிதான். வண்டியைத் தூக்கி, சக்கரம் கழற்றி, பால் ஜாயிண்டைப் பிரித்து, ஆர்மை இறக்கி, பிரஸ் போட்டு, திரும்ப மாட்டி, கடைசியில் வீல் அலைன்மெண்ட். மலிவு புஷ் ஆறு மாதத்தில் வெடித்தால் இந்த மொத்தக் கூலியும் இன்னொரு முறை. புஷ்ஷில் மிச்சம் பிடித்தது அந்த ஒரு நாளில் கரைந்துபோகும்.

பாலியூரித்தேன் புஷ் பற்றியும் அடிக்கடி கேட்கிறார்கள். ரப்பரை விட அதிக நாள் தாங்கும், உண்மைதான். ஆனால் கடினமானது, சாலையின் ஒவ்வொரு அதிர்வும் பாடிக்குள் ஏறும், கிரீஸ் காய்ந்தால் கிறீச்சிடும். வேகமாக ஓட்டி ரசிக்கிறவர்களுக்கு அது சரி. அப்பா அம்மாவை ஏற்றிக்கொண்டு போகும் காருக்கு ரப்பரே நல்லது.

லிங்க் ராடு மாற்றுவது சின்ன வேலை. பிராண்டட் வாங்குங்கள், அவசரத்துக்கு லோக்கல் போட்டாலும் பெரிய ஆபத்து இல்லை, சீக்கிரம் மறுபடி தட்டும். மவுண்டும் அதில் இருக்கும் பேரிங்கும் அப்படி இல்லை. ஸ்ட்ரட்டை இறக்கினால்தான் இவற்றைத் தொட முடியும் என்பதால், ஷாக் மாற்றும் அன்றே பம்ப் ஸ்டாப் (ஷாக் முழுக்க அமுங்கும்போது இடி தாங்கும் ரப்பர்), டஸ்ட் கவரோடு சேர்த்துப் புதுசாகப் போட்டுவிட வேண்டும்.

ஸ்பிரிங் உடையாமல், வண்டி ஒரு பக்கம் தாழாமல் இருந்தால் மாற்றவே தேவையில்லை. உயரம் கூட்ட ஸ்பிரிங் நடுவில் ரப்பர் பஃபர் செருகும் வழக்கத்தை நான் ஏற்கவில்லை. சில சுற்றுகள் வேலை செய்யாமல் நின்றுவிடும், சுமை முழுக்க மீதிச் சுற்றுகளின் மேல் விழும்.

குஜரிக்கு ஒரு இடம் உண்டு, அதை மறுக்க மாட்டேன். தேயாத கெட்டி இரும்பு எல்லாம் அங்கே நல்ல பேரம்: நக்கிள் (சக்கரத்தின் பேரிங்கைத் தாங்கும் இரும்பு), முன் கிராஸ் மெம்பர் (முன்பக்கம் குறுக்கே ஓடும் சட்டம்), பின் அச்சு பீம், உடையாத ஸ்பிரிங். புதுசாக வாங்கினால் கண்ணைக் கட்டும் விலை. கார் பழசு என்றால் கம்பெனியிலும் ஆர்டர் போட்டுக் காத்திருக்க வேண்டும். விபத்தில் அடிபட்டு லேசாக வளைந்திருக்கிறதா என்று மட்டும், உங்கள் பழைய பாகத்தைப் பக்கத்தில் வைத்து அளந்து பார்க்க வேண்டும். ரப்பர், ஷாக், பால் ஜாயிண்ட் இவற்றைக் குஜரியில் வாங்குவது, அடுத்தவர் காரிலிருந்து கழற்றிய தேய்மானத்தைக் காசு கொடுத்து வாங்குவது.

எங்கே வாங்கினாலும் பார்ட் நம்பரைக் கேட்டு, பழைய பாகத்தோடு ஒப்பிட்டு வாங்குங்கள். பல மாடல்களில் டீசல் என்ஜினின் கூடுதல் கனத்துக்காக முன் ஸ்ட்ரட்டும் ஸ்பிரிங்கும் வேறு நம்பர். ஜி.எஸ்.டி. பில் கேளுங்கள்; போலி என்று தெரிந்தால் திருப்பிக் கொடுக்க அதுதான் கையில் இருக்கும் ஒரே சாட்சி. 2025 செப்டம்பர் 22 முதல் உதிரிபாகங்களுக்கான வரி 28 சதவீதத்திலிருந்து 18 ஆகக் குறைந்துவிட்டது; அதற்கு முந்தைய எம்.ஆர்.பி. ஒட்டிய பெட்டியை நீட்டினால் புது விலையைக் கேட்டு வாங்கலாம்.

மாட்டும் விதத்தில் இரண்டு விஷயங்களை நின்று பாருங்கள். ஆர்மின் புஷ் போல்ட்டுகளைச் சக்கரம் அந்தரத்தில் தொங்கும்போது கடைசி இறுக்கு இறுக்கக் கூடாது. வண்டியைத் தரையில் இறக்கி, கனம் சக்கரத்தில் நின்ற பிறகே இறுக்க வேண்டும். இல்லாவிட்டால் ரப்பர் எப்போதும் முறுக்கிக்கொண்டே நின்று சீக்கிரம் கிழியும். பிறகு பழி புஷ் கம்பெனி மேல் விழும். இரண்டாவது, ஸ்ட்ரட்டின் மேல் நட்டை இறுக்கும்போது ராடைப் பிளையரால் பிடிக்க விடாதீர்கள். குரோமில் விழும் ஒரு கீறல் போதும், மேலும் கீழும் போகும் ஒவ்வொரு முறையும் அது சீலை அறுக்கும்.

எல்லாவற்றுக்கும் ஒரே மாதத்தில் பணம் இல்லை என்றால், ஆட்டம் இருக்கும் பால் ஜாயிண்டும் டை ராடு எண்டும்தான் முதல் செலவு. அடுத்து லோயர் ஆர்ம் புஷ், அன்றே அலைன்மெண்ட். முன் ஷாக்கும் மவுண்டும் சேர்த்து அடுத்த மாதம். பின் ஷாக் பல சின்னக் கார்களில் ஸ்பிரிங்கிலிருந்து தனியாக நிற்பதால் வேலையும் குறைவு, கூலியும் குறைவு; ஆயில் வழியவில்லை என்றால் அதைக் கடைசியில் வைக்கலாம். ஆனால் பொங்கலுக்கு ஐந்து பேரும் டிக்கி நிறைய மூட்டையுமாக கிருஷ்ணகிரி, வேலூர் பக்கம் கிளம்புகிறவராக இருந்தால், முன் ஷாக்குக்கு முன்னால் பின் ஷாக்கையே மாற்றிவிடுங்கள். அத்தனை சுமையோடு பின்பக்கம் துள்ளுவதை அடக்க வேண்டியது அதுதான்.