முந்திரிகைப் பந்தலும் நாலரை மணி மெசினும்

கொழும்பில் என்னோடு வேலை செய்கிற நண்பன் போன வாரம் கேட்டான்: "நீ யாழ்ப்பாணத்தில அடிக்கடி போற அந்த வைன் தோட்டம் எப்பிடியடா? குடும்பத்தோட ரெண்டு நாள் ஆறுதலா இருந்திட்டு வரலாமோ?" ஒரு வரியில் பதில் சொல்ல வரவில்லை. 2019இலிருந்து ஏழு தரம் போய்த் தங்கியிருக்கிறேன், அதனால் கொஞ்சம் நீட்டித்தான் எழுத வேண்டியிருக்கிறது. அறை, கட்டில், குளியலறை எல்லாம் படத்தில் இருப்பதுபோலத்தான். அதில் பேச ஒன்றுமில்லை.

முதலில் அந்தப் பெயர்ப்பலகை. 'வைன் கார்டன்' என்பது கனடாவில் இருக்கிற மகனின் யோசனையாம். உள்ளே வைன் ஒரு சொட்டும் கிடையாது. அனுமதிப்பத்திரம் இல்லாமல் வைன் போட முடியாது, தோட்டக்காரர் அந்தச் சோலிக்குப் போகிற ஆளும் இல்லை. கேட்டால் தோலகட்டிப் பக்கம் கையைக் காட்டுவார். அங்கே 1928இல் தொடங்கிய, கத்தோலிக்கத் துறவிகளின் றோசேரியன் ஆச்சிரமத்தின் வைனும் நெல்லிரசமும் யாழ்ப்பாணத்தில் தெரியாதவர் குறைவு. வருகிற வழியில் ஒரு போத்தல் வாங்கிக்கொண்டால் சரி. இங்கே கிடைப்பது முந்திரிகையும் முந்திரிகைச் சாறும்தான். (எங்களுக்கு முந்திரிகை என்றால் திராட்சை. தமிழ்நாட்டிலிருந்து வாசிப்பவர்கள் கஜூவைத் தேடவேண்டாம்.)

இனி மெசின்.

என் அறை ஜன்னலிலிருந்து பத்தடியில் கிணறு, கிணற்றடியில் தண்ணீர் இறைக்கிற மண்ணெண்ணெய் மெசின். விடிய நாலரைக்குத் தோட்டக்காரர் டோர்ச்சோடு வருவார். கயிற்றைச் சுற்றி இழுப்பார். முதல் இரண்டு இழுப்புக்கும் இருமிவிட்டு நிற்கும், மூன்றாவதில் பிடிக்கும். கொஞ்ச நேரம் பெற்றோலில் ஓடவிட்டு, சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார். அப்போது சத்தம் ஒரு கணம் இறங்கும். அப்பாடா, நின்றுவிட்டது என்று தலையணையில் முகத்தைப் புதைக்கும்போது முன்னையைவிடப் பெரிதாக எழும்பும். அது ஓடிய ஒவ்வொரு தரமும் ஏமாந்திருக்கிறேன்.

இரண்டாம் தரம் போனபோது பொறுக்காமல் கேட்டேன்: "அண்ணை, ஏழு மணிக்கு இறைச்சா என்ன?"

"தம்பி, இது பங்குக் கிணறு. என்ர முறை விடியப்புறம். அப்பு காலத்தில இருந்து இப்பிடித்தான், நான் மாத்தேலாது."

அவர் சாக்குச் சொல்லவில்லை. வற்றாத ஆறு கிடையாத எங்கள் குடாநாட்டில் தோட்டமெல்லாம் கிணற்றை நம்பித்தான். காணி உறுதியை எடுத்துப் பார்த்தால் நிலத்தோடு சேர்த்துக் கிணற்றில் பங்கு, வழி வாய்க்கால் உரிமை என்று எழுதியிருக்கும். ஒரு கிணற்றுக்கு நாலு பங்காளி என்றால் நாலு முறை. ஆறரைக்கு அடுத்தவர் வந்துவிடுவார். விருந்தாளியின் நித்திரைக்கு அந்த உறுதியில் பங்கு இல்லை. சரி, நியாயம் விளங்குகிறது. காது கேட்கிறதா?

முந்திரிகைக்கு மட்டும் இறைப்பு என்றால் நாலைந்து நாளுக்கு ஒருதரம் தப்பலாம். இவரோ இன்று முந்திரிகை, நாளை வெங்காயம், மறுநாள் வாழை என்று வைத்திருக்கிறார்.

2022 ஜூனில் போனபோது மட்டும் மெசின் ஓடவில்லை. மண்ணெண்ணெய் எங்கேயும் இல்லாத நாட்கள். இந்த முறை நித்திரை கொள்ளலாம் என்று படுத்தேன், நாலரைக்குக் கண் தானாகத் திறந்துவிட்டது. வெளியே டோர்ச் வெளிச்சம். அவரும் மனைவியும் வாளியால் அள்ளிப் புதுக் கொடிகளுக்கு மட்டும் ஊற்றிக்கொண்டிருந்தார்கள். நானும் இரண்டு வாளி தூக்கினேன், மூன்றாவதுக்கு இடுப்பு விடவில்லை. ஒகஸ்ட்டில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340க்குத் தாவியது. அதற்குப் பிறகு அறை வாடகையைக் கூட்டினார். அதில் எனக்கு மனத்தாங்கல் இல்லை.

மனத்தாங்கல் மருந்து விசயத்தில்தான். பந்தலுக்கு மருந்து அடிக்கிற நாளில் ஆட்களைத் தங்கவைக்கக் கூடாது, வைத்தால் முதல்நாளே சொல்லவேண்டும். எனக்குச் சொன்னது தேத்தண்ணி குடித்துக்கொண்டிருக்கும்போது. அன்று பகல் முழுவதும் ஜன்னலைச் சாத்திக்கொண்டு உள்ளே வெந்தேன்.

இன்னொன்று, படங்களில் தொங்குகிற குலைகளை நம்பி நாள் குறிக்காதீர்கள். இங்கே இருப்பது இஸ்ரேல் புளூ. தண்ணீரை நிறுத்திக் காயவிட்டுக் கொடி வெட்டுவார்கள். வெட்டிய புதிதில் போனால் தலைக்குமேல் கம்பியும் மொட்டைக் கட்டையும்தான். பழம் பறிக்க நாலு மாதத்துக்குக் கிட்ட எடுக்கும். போனில் கேட்கவேண்டியது "அறை இருக்கா" என்றல்ல, "கொடி எப்ப வெட்டினீங்கள்" என்று.

ஆனால் பழம் கறுத்து நிற்கிற காலத்தில், காண்டாவன வெயிலில் ஊரே ஒடுங்கிக் கிடக்கும்போது, அந்தப் பந்தலுக்குக் கீழே சாய்மனைக் கதிரையைப் போட்டுப் பாருங்கள். செம்பாட்டு மண்ணில் காலை வாய்க்கால் ஈரம் இன்னும் இருக்கும். கையெட்டுகிற உயரத்தில் குலை. தோல் தடிப்பு, விதையும் உண்டு, புளிப்பு நாக்கோரத்தில் நிற்கும். பனங்கட்டியைக் கடித்துக்கொண்டு பிளேன்ரீ குடித்தால் மூன்று மணிநேரம் போவது தெரியாது.

அதையும் விட எனக்குப் பெரிது கிணற்றுத்தொட்டி. மூன்றாம் தரம், நித்திரை போன எரிச்சலில் துவாயை எடுத்துக்கொண்டு இருட்டோடு போய்க் குழாய்க்குக் கீழே குந்தினேன். பனிக்குளிரில் கிணற்றுத் தண்ணீர் இளஞ்சூடாக இருந்தது. முதுகில் விழுகிற கனத்தில் மூச்சு முட்டியது. மண்ணெண்ணெய்ப் புகை மணம், தலைக்குமேல் நட்சத்திரங்கள். "சவுக்காரம் போடாதேங்கோ தம்பி, கண்டுக்குப் போற தண்ணி" என்று மட்டும் அவர் சொன்னார். அன்றிலிருந்து ஒவ்வொரு தரமும் அதுதான் என் குளிப்பு. வீட்டுக் குளியலறையில் குளிப்பதெல்லாம் இப்போது கடமைக்கு.

போன மாதம் அவரே போன் எடுத்தார். மெசினைக் கழற்றிப் பூட்டி, புதுச் சைலென்சர் போட்டாயிற்றாம். "இப்ப சத்தமே இல்லை, வாங்கோ." போனேன். குறைந்திருக்கிறது, பொய் சொல்லக்கூடாது. ஆனால் முன்பு இவருடைய மெசின் சத்தத்தில் அமுங்கிக் கிடந்த பக்கத்துத் தோட்டத்து மெசின் இப்போது தெளிவாகக் கேட்கிறது. அது நாலு மணிக்கே தொடங்குகிறது.

புறப்படும்போது கேட்டேன்: "இறைப்பு இல்லாத நாள் எது அண்ணை?"

"மழை பெய்யிற நாள்."

மழை என்றால் ஐப்பசி, கார்த்திகை. அப்போது பழம் வெடிக்கும், இலையில் பங்கசு (பூஞ்சணம்) பிடிக்கும், அதற்கு மருந்து அடிப்பார்கள்.

நண்பனுக்கு வேண்டாம் என்று எழுதிவிட்டேன். அவனுக்கு எட்டு மணிவரை படுக்கவேண்டும், மனைவிக்கு வைன் வேண்டும். 'அப்ப நீ ஏன் ஏழு தரம் போனாய்' என்று கேட்டு அனுப்பியிருக்கிறான். இன்னும் பதில் போடவில்லை.