மணலில் உலர்த்துவதா, பரணில் உலர்த்துவதா?

விக்டோரியா ஏரிக்கரையில், கென்யாவில் ஒமேனா என்றும் தான்சானியாவில் டகா என்றும் அழைக்கப்படும் சிறுமீன், ஏழைக் குழந்தைகளுக்கு எட்டும் மலிவான புரதமாகும். அதை வெறும் மணலில் பரப்பி உலர்த்தச் செலவில்லை. ஆனால் ஆடும் கோழியும் நடமாடும் மணலிலிருந்து ஈ.கோலை, சால்மோனெல்லா போன்ற குடற்கிருமிகள் மீனில் ஒட்டிக்கொள்வதுடன், மழையில் நனைந்தால் பெருகவும் கூடும். கம்பும் வலையும் கொண்டு உயர்த்திய பரணிலோ காற்று இருபுறமும் பாய்வதால் மீன் விரைவாக உலர்கிறது. மணல் கலவாததால் சந்தையில் நல்ல விலையும் பெறுகிறது. அதற்கான முதலீடு, இத்தொழிலில் பெரும்பான்மையாக உள்ள பெண்களுக்குச் சுமைதான். நன்கு கொதிக்க வைத்தால் இரண்டும் ஒன்றே என்று வாதிடுவோர், சமைக்காத மீனைத் தொட்ட கையே குழந்தைக்கும் ஊட்டுகிறது என்பதை மறந்துவிடுகிறார்கள். ஆகவே, கடன் வாங்கியேனும் பரண் அமைப்பதே மேல் என்பேன்.