700 மெகாஹெர்ட்ஸா, 3500 மெகாஹெர்ட்ஸா? டர்பனில் டேட்டா வேகம் ஊருக்கு ஊர் மாறும் கதை

பெரிய வெள்ளியன்று டர்பனுக்குத் தெற்கேயுள்ள இசிப்பிங்கோ மாரியம்மன் கோயிலில் நிற்கும்போது கைப்பேசியில் சிக்னல் கோடுகள் அத்தனையும் நிறைந்திருக்கும். எடுத்த படத்தை உறவினருக்கு அனுப்ப முயன்றாலோ அது நகராது. வடக்கே டோங்காட்டைத் தாண்டிக் கரும்புக் காட்டுக்குள் போனால் ஒரே ஒரு கோடுதான் தெரியும், ஆயினும் செய்தி போய்ச் சேர்ந்துவிடும். கோடுகள் காட்டுவது அலையின் வலிமையை மட்டுமே. அலையைத் தரும் கைப்பேசிக் கோபுரத்தை அதே நொடியில் எத்தனை பேர் பங்குபோட்டுக்கொள்கிறார்கள் என்பதை அவை சொல்வதில்லை.

தென்னாப்பிரிக்காவில் 2022 மார்ச்சில் நடந்த அலைக்கற்றை ஏலத்தில் 700, 800, 2600, 3500 மெகாஹெர்ட்ஸ் பட்டைகள், அதாவது கைப்பேசி பயன்படுத்தும் ரேடியோ அலைகளின் பிரிவுகள், விற்கப்பட்டன. மெகாஹெர்ட்ஸ் என்பது அலை நொடிக்கு எத்தனை மில்லியன் முறை அதிர்கிறது என்ற அளவு. இந்தப் பட்டைகளில் இரு முனைகளை ஒப்பிட்டாலே, வேகம் ஏன் ஊருக்கு ஊர் மாறுகிறது என்பதற்குப் பாதி விடை கிடைத்துவிடும்.

700 மெகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் ஏறத்தாழ 43 சென்டிமீட்டர். அது தொலைதூரம் செல்லும், சுவரையும் ஓரளவு எளிதாக ஊடுருவும். ஆனால் அந்தப் பட்டையில் ஒரு நிறுவனத்துக்குக் கிடைக்கும் இடம் குறுகலானது. அதோடு, பரந்த நிலப்பரப்பை ஒரே கோபுரம் மூடுவதால் அத்தனை ஊராரும் அதே குறுகிய பாதையில்தான் வந்து சேர வேண்டும். எட்டும் தூரமே அதற்குப் பாரமாகிவிடுகிறது. 3500 மெகாஹெர்ட்ஸின் அலைநீளமோ 9 சென்டிமீட்டருக்கும் குறைவு. 5ஜி முறையில் அங்கே ஒரு தடத்துக்கு 100 மெகாஹெர்ட்ஸ் வரை அகலம் கொடுக்கலாம். பல சிறு ஆண்டெனாக்களைச் சேர்த்து அலையை ஆளை நோக்கித் திருப்பவும் முடியும். திருவிழாக் கூட்டத்துக்கு ஏற்றது இதுதான் என்பேன். எனினும் சாட்ஸ்வர்த் போன்ற மேடுபள்ளமான பகுதியில் நடுவே ஒரு மேடோ சுவரோ நின்றாலே அது தளர்ந்துவிடும்; வாசலில் பறக்கும் வேகம் பின்கட்டு அறையில் பாதியாவதும் இதனால்தான்.

இரண்டில் எதுவானாலும், கோபுரத்திலிருந்து வெளியே செல்லும் இணைப்பு கண்ணாடியிழையாக இல்லாமல் நெரிசலான நுண்ணலை இணைப்பாக இருந்தால், அலைக்கற்றையின் அகலத்தால் பெரிய பயன் இராது. மின்வெட்டு கடுமையாக இருந்த 2023இல் நாம் வேறொன்றையும் கண்டோம்: அடுத்தடுத்த வெட்டுகளுக்கு இடையே பேட்டரி முழுதாக ஏறாமல் அருகிலுள்ள கோபுரம் அணைந்தால், கைப்பேசி தொலைவிலுள்ள கோபுரத்தைப் பிடித்துக்கொண்டு தள்ளாடும்.

சிம்மை மாற்றினால் போதும் என்போர் உண்டு. செல் சி என்ற கைப்பேசி நிறுவனம் தன் வாடிக்கையாளருக்கு எம்டிஎன், வோடகாம் ஆகிய வேறு நிறுவனங்களின் கோபுரங்கள் வழியாகவே சேவை தருகிறது; ஆகவே நிறுவனம் மாறியும் கோபுரம் மாறாமல் இருக்கலாம். கரும்புத் தோட்டப் பக்கம் குடியிருப்போருக்கு நான் 700 போன்ற தாழ்ந்த பட்டையையே சொல்வேன். ஆனால் வாங்கும் கைப்பேசி அந்தப் பட்டையை ஏற்கிறதா என்று முதலில் பாருங்கள். நகருக்குள் இருப்போர் இரு நிறுவனங்களின் சிம்களையும் இரவு எட்டு மணிக்கு, தாங்கள் வழக்கமாக உட்காரும் அறையிலேயே சோதித்துப் பார்க்கட்டும். காலை ஆறு மணிக்கு வாசலில் எடுத்த கணக்கு எதற்கும் உதவாது.