மேக் மினி: வேகத்தில் குறையில்லை, சின்னச் செயலிகள் பாடுதான் திண்டாட்டம்

ஆப்பிளின் சின்ன மேசைக் கணினியான மேக் மினியை வாங்கலாமா என்று தெரிந்தவர்கள் கேட்கத் தொடங்கிவிட்டார்கள். வேகம், சத்தமின்மை, கரண்ட் செலவு பற்றியெல்லாம் நிறையப் பேர் எழுதிவிட்டார்கள். அதில் எனக்கும் ஒரு குறையும் இல்லை. பழைய கணினியில் முக்கி முனகித் திறந்த பெரிய ஸ்கேன் பிடிஎஃப்கள் இதில் கிளிக் செய்ததும் வந்து நிற்கின்றன.

என்னை விடாமல் உறுத்துவது கேட்கீப்பர், அதாவது வெளியிலிருந்து வரும் செயலிகளை வாசலில் நிறுத்திச் சோதிக்கும் மேக்கின் காவலாளி.

இணையத்திலிருந்து செயலியை இறக்கும்போதே பிரவுசர் அதன்மேல் ஓர் அடையாளத்தை ஒட்டிவிடும். முதல்முறை திறக்கும்போது மேக்கின் இயங்குதளமான மேக்ஓஎஸ் அதைக் கவனித்து இரண்டு விஷயம் பார்க்கும்: ஆப்பிளில் பதிவு செய்த டெவலப்பரின் டிஜிட்டல் கையொப்பம் இருக்கிறதா, ஆப்பிள் அந்தச் செயலியைச் சோதித்து நோட்டரைஸ் செய்திருக்கிறதா, அதாவது சான்று கொடுத்திருக்கிறதா. 2012இல் கேட்கீப்பர் வந்தபோது கையொப்பம் மட்டும் போதுமாக இருந்தது. நோட்டரைசேஷன் கட்டாயமானது 2019இல் வந்த கேட்டலினா என்ற மேக்ஓஎஸ் பதிப்பிலிருந்து. இரண்டுக்குமே ஆண்டுக்கு 99 டாலர் கட்டி உறுப்பினராக வேண்டும். அதாவது எட்டாயிரம் ரூபாய்க்கு மேல், வருடா வருடம்.

பெரிய நிறுவனத்துக்கு இது டீச்செலவு. ஆனால் பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துருவில் டைப் செய்த கோப்புகளை, எந்தக் கணினியிலும் படிக்க முடிகிற யூனிகோடுக்கு மாற்றித் தரும் சின்னச் செயலியை ஒருவர் ஓய்வு நேரத்தில் எழுதி இலவசமாகக் கொடுக்கிறார். அந்த எழுத்துரு இல்லாத கணினியில் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாகக் கலைந்து கிடக்கும் ஒரு முழுப் புத்தகம், அவர் புண்ணியத்தில் தமிழாகிவிடும். அவர் ஏன் கையிலிருந்து காசு கட்ட வேண்டும்?

கட்டாவிட்டால் என்ன ஆகும்? செயலியில் தீம்பொருள் இல்லை என்று ஆப்பிளால் உறுதி செய்ய முடியவில்லை என ஒரு பெட்டி வரும். அதில் இருப்பது இரண்டே பொத்தான்: குப்பைக்கு அனுப்பு, முடிந்தது. திறக்க வழியே இல்லை. முன்பு கண்ட்ரோலை அழுத்திக் கிளிக் செய்து திறந்துவிடலாம். 2024இல் செக்கோயா என்ற மேக்ஓஎஸ் பதிப்பு வந்து அதையும் மூடிவிட்டது. இப்போது செட்டிங்ஸில் பிரைவசி பக்கத்துக்குப் போய், கீழே வரை உருட்டி, அங்கே தோன்றும் பொத்தானை அழுத்தி, பாஸ்வேர்டு கொடுக்க வேண்டும். அந்தப் பொத்தானும் ஒரு மணி நேரம் போல்தான் இருக்கும்.

சரி, இதையாவது பொறுத்துக்கொள்ளலாம். கையொப்பம் சரியில்லாத சில செயலிகளுக்கு, 'இது சேதமடைந்திருக்கிறது, குப்பையில் போடுங்கள்' என்றே செய்தி வருகிறது. கோப்பில் ஒரு சேதமும் இருக்காது! அதைப் படிக்கும் யாரும் எழுதியவரைத்தான் சந்தேகப்படுவார்கள். இந்தப் பொய்யை என்னால் மன்னிக்க முடியவில்லை.

காவலே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. 2016 மார்ச்சில், டாரண்ட் கோப்புகளை இறக்கும் டிரான்ஸ்மிஷன் என்ற செயலியின் சொந்தத் தளத்திலேயே கீரேஞ்சர் என்ற ரான்சம்வேர், அதாவது கோப்புகளைப் பூட்டிவைத்துப் பணம் பறிக்கும் தீம்பொருள், நுழைந்தது. மூன்று நாள் பதுங்கியிருந்து கோப்புகளைப் பூட்டி, ஒரு பிட்காயின் கேட்டது. அதில் செல்லுபடியாகும் கையொப்பம் இருந்ததால் கேட்கீப்பர் உள்ளே விட்டுவிட்டது. ஆனால் கையொப்பம் இருந்ததால்தான் ஆப்பிள் அதை ரத்து செய்து, மேற்கொண்டு திறக்க விடாமல் தடுக்கவும் முடிந்தது. கண்ட்ரோல் கிளிக்கை மூடியதிலும் நியாயம் உண்டு. 'இப்படிக் கிளிக் செய்து திறங்கள்' என்று படம் போட்டே பாஸ்வேர்டு திருடும் செயலிகளைப் பரப்பிக்கொண்டிருந்தார்கள்.

ஆனால் இப்போது நடப்பது என்ன? சின்ன டெவலப்பர்கள் செயலியோடு தரும் ரீட்மீ என்ற குறிப்புக் கோப்பைத் திறந்து பாருங்கள். செயலியைப் பயன்படுத்துவது எப்படி என்று நாலு வரி, அதைத் திறப்பது எப்படி என்று ஒரு பக்கம். கணினிக்கு நேரடியாகக் கட்டளை தட்டும் டெர்மினல் சாளரத்தில் இந்தக் கட்டளையை ஒட்டி எண்டர் தட்டுங்கள் என்று எழுதியிருக்கும். முன்பின் தெரியாதவர் தரும் கட்டளையை டெர்மினலில் ஒட்டும் பழக்கத்தை இப்படி ஊருக்கே கற்றுக்கொடுக்கிறோம். திருடர்களும் இன்று இதே வழியில்தான் வருகிறார்கள்.

இவ்வளவு நல்ல கணினியை நான் வைத்திருந்ததில்லை. இருந்தாலும் பழைய தமிழ்க் கோப்புகளோடு மல்லுக்கட்டுகிறவர்களுக்கு, தனி ஆட்கள் எழுதும் சின்னக் கருவிகளை நம்பி வேலை செய்கிறவர்களுக்கு, இதை வாங்குங்கள் என்று சொல்ல மனம் வரவில்லை. பிரவுசரும் மெயிலும் ஆபீஸும் போதும் என்பவர்கள் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம். அவர்கள் கண்ணில் அந்தப் பெட்டி படவே படாது.