பிளாஸ்டிக் மூளை: பெருமூளைக்குச் சரி, சிறுமூளைக்குப் போதாது

கும்பகோணத்தில் பிசியோதெரபி மாணவர்களுக்கு மாலை வகுப்பு எடுக்கிறேன். அதற்காகத் தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரி சாலையில் ஒரு கடையில், எட்டுத் துண்டாகப் பிரியும் மூளை மாதிரி ஒன்றை வாங்கினேன். விலை 3,200 ரூபாய். பெருமூளை பாடத்துக்கு இது தாராளமாகப் போதும். மடிப்புகள் தெளிவாக இருக்கின்றன; காந்தம் வைத்திருப்பதால் துண்டுகள் கச்சிதமாகப் பொருந்துகின்றன.

சிறுமூளையில்தான் எனக்குக் குறை. நடுவே பிளந்து, கிளைகிளையாகப் பிரியும் வெண்பகுதியை நன்றாகவே காட்டியிருக்கிறார்கள். ஆனால் மேற்பரப்பு முழுக்க ஒரே காவி நிறம். மூளையில் இருக்கும் சுமார் 8,600 கோடி நரம்பு செல்களில் ஐந்தில் நான்கு பங்கு இந்தச் சின்ன உறுப்புக்குள்தான் இருக்கிறது. நுண்ணோக்கியில் எந்த இடத்தைப் பார்த்தாலும் அதே மூன்று அடுக்கு. அதனால் எல்லா இடமும் ஒன்றுதான் என்று மாணவர்கள் நினைத்துவிடுகிறார்கள். கல்லணைப் பக்கத்து வயலும் வேதாரண்யம் பக்கத்து வயலும் தூரத்துக்கு ஒரே பச்சைதான்; இறங்கி மண்ணை அள்ளினால்தான் வண்டல் எது, மணல் எது என்று தெரியும். சிறுமூளையிலும் அப்படித்தான்: செல்களின் மின்துடிப்பை அளக்கும் மின்முனையை இறக்கினால்தான் இடத்துக்கு இடம் உள்ள வேறுபாடு தெரியும்.

அங்குள்ள பெரிய நரம்பு செல்களான புர்கின்ஜி செல்கள், யாரும் தூண்டாமலே மின்துடிப்பு தருபவை. சுண்டெலிகளில் அளந்தபோது, ஸீப்ரின் என்ற புரதம் நிறைந்த செல்கள் நொடிக்கு ஏறத்தாழ 60 முறையும், அது இல்லாதவை 90 முறை அளவிலும் துடித்தன. இரண்டு வகையும் முன்னிருந்து பின்னாக ஓடும் பட்டைகளாக மாறிமாறி அமைந்திருக்கின்றன. முன்புற நடுப்பகுதியில் பெரும்பாலும் வேகமான வகை. உடல் சமநிலையையும் கண் அசைவையும் கவனிக்கும் நோடுலஸ் என்ற பகுதியில் நிதானமான வகை. தூரிகை செல்கள் எனப்படும் இன்னொரு வகையும் நோடுலஸில் நிறைய உண்டு. உள்காதிலிருந்து வரும் சமநிலைச் செய்தி சட்டென்று முடிந்தாலும், அவை அதன் விளைவை நீட்டித்துக்கொண்டே போகும். நாளைக்குத் தள்ளாடும் நோயாளியைக் கைபிடித்து நடக்க வைக்கப்போகிற பிள்ளைகள் இதைத் தெரிந்துகொண்டே ஆக வேண்டும். இதில் எனக்குப் பிடிவாதம் உண்டு.

இந்த மாதிரியில் நோடுலஸ் தனியாகத் தெரியவே இல்லை, பக்கத்து மடிப்போடு ஒட்டிக்கிடக்கிறது. உப்புத்தாளால் லேசாகத் தேய்த்துவிட்டு, அக்ரிலிக் பெயிண்டில் நீலப் பட்டைகளை மாணவிகளே வரைந்தார்கள். பெயிண்ட் நன்றாகப் பிடிக்கிறது, உரியவில்லை.

பள்ளிக்கூடத்துக்கு என்றால் யோசிக்காமல் வாங்கலாம். பிசியோ, நர்சிங் வகுப்புக்கு வாங்குபவர்கள், சிறுமூளை மட்டும் பெரிதாக இருக்கும் மாதிரி வருமா என்று கடையில் கேளுங்கள். சொன்னால் வரவழைத்துத் தருவதாகக் கடைக்காரர் என்னிடம் சொன்னார். விலை இதைவிடக் கூடுதலாகும்.